திரையில் உப்பு பார்த்த நாட்கள்

சமையல் சொல்லிக்கொடுப்பவளுக்கு மூக்கும் நாக்கும் இருந்தால் போதும், மற்றதைக் கரண்டி பார்த்துக்கொள்ளும் என்று நம்பித்தான் நான் இந்தத் தொழிலுக்கே வந்தேன். ஹோட்டல் சமையலறைகளில் பல வருடம் வெந்துவிட்டு, கோலாலம்பூரில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் சமையற்கலை டிப்ளோமா வகுப்புக்கு விரிவுரையாளராகச் சேர்ந்தவள். மாணவர்கள் என்னை ‘செஃப்’ என்று கூப்பிடுவார்கள். முதுகுக்குப் பின்னால் வேறு ஒரு பேர் இருக்கிறது. எனக்கு மூக்கின் மேல் கோபம் வரும் என்பதால் அது என்னவென்று யாரும் சொல்வதில்லை, நானும் கேட்பதில்லை.

கோவிட் வந்து நாடே வீட்டுக்குள் அடைபட்டபோது, என் மூக்கும் நாக்கும் ஒரே நாளில் பறிபோயின. நோயால் அல்ல, நிர்வாகம் அனுப்பிய மின்னஞ்சலால். அந்த நாட்களில் கணிதம், கணக்கியல், சட்டம் என்று ஏதோ ஒன்றைக் கறுப்புக் கட்டங்களைப் பார்த்துக் கத்திக் கத்திச் சொல்லிக்கொடுத்த சக பாவிகளே, உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியும். ஆனாலும் உங்கள் பாடத்துக்கு வாசனை கிடையாது, சுவை கிடையாது, தீய்ந்து போகிற ஆபத்தும் கிடையாது. கொஞ்சம் உட்கார்ந்து என் கதையையும் கேளுங்கள்.

முதலில் வருகைப் பதிவு

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மின்னஞ்சல் வந்தது. திங்கட்கிழமை முதல் எல்லா வகுப்புகளும் இயங்கலையில், அதாவது இணையம் வழியாக. ‘எல்லா’ என்ற சொல்லைத் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். உடனே எங்கள் துறைத் தலைவர் டாக்டர் கிருபாவதிக்குப் போன் போட்டேன். அவர் சத்துணவியல் படித்தவர், விதிமுறை பிசகாதவர். கெட்டவர் இல்லை. போனில் பின்னால் அவருடைய இரண்டு பிள்ளைகள் ஒரு மடிக்கணினிக்காக அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. “தியரி சரி டாக்டர், செய்முறையை என்ன செய்ய? கிள்ளானில் கொதிக்கிற சூப்பைப் பிரிக்பீல்ட்ஸில் உட்கார்ந்துகொண்டு நான் எப்படி ருசி பார்ப்பேன்?” என்று கேட்டேன். அவர் போய்ப் பிள்ளைகளை அதட்டிவிட்டு வந்தார்.

உண்மையைச் சொன்னால், எனக்கு அப்போது கவலையெல்லாம் ஒரு பையனை நினைத்துத்தான். பேர் தினேஷ், கிள்ளான் பக்கம் பண்டமாரான்காரன். செய்முறைத் தேர்வில் ஒரு முறை தோற்றுவிட்டான். எங்கள் விதிப்படி இரண்டாவது முறையும் தோற்றால் டிப்ளோமாவை விட்டே வெளியேற வேண்டியதுதான். அந்தப் பையனுக்குக் கை சுத்தம், நாக்கும் கெட்டி. தேர்வு என்று வந்துவிட்டால் மட்டும் பதற்றத்தில் எதையாவது மறந்துவிடுவான். முதல் முறை அடுப்பைப் பற்றவைக்காமலே வெங்காயத்தைக் கிளறிக்கொண்டிருந்தான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அப்படிப்பட்ட நேரத்தில் பக்கத்தில் போய் முதுகில் ஒரு தட்டு தட்டினால் போதும், சட்டென்று நிதானத்துக்கு வந்துவிடுவான். வகுப்பில் அப்படித்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன். இனி பிரிக்பீல்ட்ஸிலிருந்து பண்டமாரானுக்குக் கையை நீட்டித் தட்ட முடியுமா? இதையெல்லாம் டாக்டர் கிருபாவதியிடம் கொட்டித் தீர்த்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “டேஸ்ட் பண்றதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம் செஃப். திங்கக்கிழமை முதல்ல அட்டென்டன்ஸ் எடுங்க லா.”

மேகமூட்டம்

முதல் செய்முறை வகுப்பு எங்கள் அடுக்குமாடி வீட்டுச் சமையலறையில் நடந்தது. இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் மூச்சுவிட முடியாத இடம். கைப்பேசியைத் துணி காயப்போடும் கம்பியில் கிளிப் போட்டு மாட்டினேன். வாணலி நன்றாகத் தெரிகிறதா என்று கேட்டேன், தெரிகிறது என்றார்கள். தண்ணீர் கொதித்ததும் ஆவி போய் கேமராவில் உட்கார்ந்துகொண்டது. நான் அது தெரியாமல், “இந்தப் பதத்தை நல்லாப் பாத்துக்குங்க, இதுதான் முக்கியம்” என்று உருகி உருகிப் பேசிக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் அத்தனை பேரும் வெள்ளை மேகத்தைப் பார்த்துக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

அடுத்த வகுப்புக்கு என் கணவரைக் கேமரா பிடிக்கச் சொன்னேன். பாவம், அவரும் வீட்டிலிருந்து அலுவலக வேலை பார்ப்பவர். மதிய உணவு நேரத்தை எனக்குத் தானம் செய்தார். பசியோடு நிற்கிற மனுஷன் கையில் கேமராவைக் கொடுத்தது என் தப்பு. ஒரு கையால் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் பொரித்த கோழியை எடுத்து வாயில் போட்டிருக்கிறார். கோழி போன திசையிலேயே கேமராவும் போயிருக்கிறது. வகுப்பு முடிந்ததும் சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்றேன். பிறகு ஒரு பையன் மெல்லச் சொன்னான்: “செஃப், அங்கிள் சாப்பிடுறது மட்டும் ரொம்ப கிளியரா தெரிஞ்சிச்சு.”

கேட்காத மணி

எங்கள் பயிற்சிச் சமையலறையில் கதவோரம் ஒரு பித்தளை மணி தொங்கும். மணி அடிக்கிற வரை மாணவன் தன் தட்டைத் திரும்ப எடுக்கலாம், திருத்தலாம், வேறு தட்டில் மாற்றி வைக்கலாம். மணி அடித்துவிட்டால் கொத்தமல்லி இலையைக்கூடத் தொடக்கூடாது. இந்தச் சட்டத்தில் மட்டும் நான் யாருக்கும் இரக்கம் காட்டியதில்லை. ஹோட்டலில் தட்டு மேசைக்குப் போன பிறகு பின்னாலேயே ஓடிப்போய் உப்பு தூவ முடியாது அல்லவா?

வீட்டில் மணி இல்லை. எவர்சில்வர் தட்டைத் தூக்கிப் பிடித்துக் கரண்டியால் அடித்தேன். யாரும் நிறுத்தவில்லை. பலமாக அடித்தேன். பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார், திரையில் இருந்தவர்கள் மட்டும் அசராமல் கிண்டிக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஏறிய கோபத்துக்கு அளவில்லை. பிறகுதான் தெரிந்தது, அந்த மென்பொருள் மனிதக் குரலைத் தவிர மற்ற இரைச்சலை எல்லாம் வடிகட்டித் தூக்கிப் போட்டுவிடுமாம். அன்றைக்கே புதுச் சட்டம் போட்டேன்: கரண்டியைத் தலைக்கு மேல் நேராகத் தூக்கினால் அதுதான் மணி. அப்போது செலாயாங்கிலிருந்து படிக்கிற யாழினி என்ற பெண் நிம்மதிப் பெருமூச்சோடு சொன்னாள்: “அப்பாடா! கரண்டியும் தட்டுமா இவ்ளோ நேரம் யாரை அடிக்கப் போறீங்கன்னு பயந்துக்கிட்டே சமைச்சோம் செஃப்.”

அடுப்புக்கு முன்பதிவு

சாலாக் செலாத்தானில் இருக்கிற முகிலன் என்ற பையன் காலை வகுப்புக்கு வருவான், ஆனால் சமைக்க மாட்டான். கேமராவை அணைத்துவிட்டு உட்கார்ந்திருப்பான். மூன்று வகுப்பு பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன், நான்காவது வகுப்பில் வெடித்துவிட்டேன். “சமைக்க வந்தியா, தூங்க வந்தியா? கேமராவைப் போடு!” போட்டான். அவனுக்குப் பின்னால் அவன் அம்மாவும் சித்தியும் நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோற்றைப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார்கள். மூன்று அடுப்பிலும் அதற்கான மிளகாய்ச் சம்பல் கொதித்துக்கொண்டிருந்தது. அப்பாவுக்கு வேலை நின்றுபோய், வீட்டிலிருந்து சமைத்து விற்றுத்தான் குடும்பம் ஓடிக்கொண்டிருந்தது. என் வகுப்பு நேரம், அவர்களுக்கு வியாபார நேரம்.

எனக்கு முகத்தைக் கொண்டுபோய் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பல்கலைக்கழகத்தில் ஆளுக்கு ஓர் அடுப்பு இருந்ததால், வீட்டு அடுப்பு வீட்டுக்காரர்களுடையது என்பதே என் புத்தியில் உறைக்கவில்லை. அதன் பிறகு ஒவ்வொருவரையும் கேட்டேன். பாதிப் பேர் வீட்டில் ரொட்டி சுடுகிற ஓவன் கிடையாது. நானோ அடுத்த வாரம் ரொட்டி சுடுவது எப்படி என்று பாடத்திட்டம் போட்டு வைத்திருந்தேன்! அந்தப் பாடத்தை எடுத்துவிட்டு, எந்த அடுப்பிலும் செய்யக்கூடிய சூப்பும் சாஸும் வைத்தேன். முகிலனுக்கு மட்டும் செய்முறையைச் சாயங்காலத்துக்கு மாற்றினேன். நான் நன்றி எதிர்பார்த்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவன் முகம் பிரகாசமாகத்தான் ஆனது, ஆனால் நன்றியோடு நிறுத்தவில்லை: “தேங்ஸ் செஃப். அஞ்சு மணிக்குனா அம்மா ஒரு அடுப்பு தரேன்னு சொல்லிட்டாங்க, ஆனா பாத்திரம் கழுவி வச்சாதான் தருவாங்களாம்.”

வளையல் போட்ட கை

யாழினிக்கு வெங்காயம் நறுக்க வராது. வகுப்பில் அவள் நறுக்கினால் ஒரு துண்டு எலி மாதிரியும் ஒரு துண்டு யானை மாதிரியும் இருக்கும். இயங்கலைக்கு வந்த பிறகு திடீரென்று அச்சில் வார்த்தது போல நறுக்க ஆரம்பித்தாள். நானும் பூரித்துப் போய் வகுப்பு முன்னால் பாராட்டினேன். ஒரு நாள்தான் கவனித்தேன். திரையில் தெரிந்தது கை மட்டும், அந்தக் கையில் நான்கு வளையல். யாழினி வாட்ச் கட்டுகிறவள்.

“யாழினி, கையோட சேத்து முகத்தையும் காட்டும்மா” என்றேன். கத்தி நின்றது. கொஞ்ச நேரம் குசுகுசுவென்று பேச்சு. பிறகு கேமரா நிமிர்ந்தது, நடுத்தர வயதில் ஓர் அம்மா, நெற்றியில் குங்குமம், தோளில் துண்டு. யாழினியைப் பெற்றவர், செலாயாங் மொத்தச் சந்தையில் காய்கறிக் கடை வைத்திருப்பவர். அவருக்குப் பின்னால் யாழினி முகத்தைக் கையால் மூடிக்கொண்டிருந்தாள். ஏமாற்றியதற்குக் கண்டபடி திட்டத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அந்த அம்மா முந்திக்கொண்டார்: “டீச்சர், சமையல் பூரா அவதான் பண்ணுறா, வெங்காயம் மட்டும்தான் நான். அவ கண்ணுல தண்ணி வந்தா எனக்குத் தாங்காது.”

சண்டைக்காரர்களின் நாக்கு

சரி, ருசி பார்ப்பது யார்? கடைசியில் டாக்டர் கிருபாவதி ஒரு வழி கண்டுபிடித்தார். வீட்டில் உள்ள ஒருவர் கேமரா முன்னால் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். நான் வெந்திருக்கிறதா, காரம் எப்படி, உப்பு எப்படி என்று கேட்பேன். அவர் சொல்வதை வைத்துச் சுவைக்கான மதிப்பெண். அதாவது, ஹோட்டலில் தலைமைச் சமையல்காரரையே கண்கலங்க வைத்த என் நாக்கைக் கழற்றி யார் யார் வாயிலோ மாட்டிவிட்டார்கள்.

முதல் வாரம் அம்மாக்கள் உட்கார்ந்தார்கள். எல்லாருக்கும் முழு மதிப்பெண். “என் மகன் கை பட்டா தண்ணியும் தேனுதான் டீச்சர்” என்றார் ஓர் அம்மா. அந்தச் சூப் அடிபிடித்திருந்ததை நான் கண்ணால் பார்த்திருந்தேன். மதிப்பெண் பட்டியலைப் பார்த்த டாக்டர் கிருபாவதி, வகுப்பே இவ்வளவு கெட்டியா என்று சந்தேகப்பட்டார். எரிச்சலில் நான் சொன்னேன், “அந்த வாரம் பிள்ளையோட சண்டை போட்டவங்க மட்டும்தான் ருசி பாக்கணும்னு ரூல் போடுங்க டாக்டர்.” விளையாட்டாகத்தான் சொன்னேன். அவர் விளையாட்டு தெரியாதவர். ‘மாணவரிடம் சார்பற்ற குடும்ப உறுப்பினர்’ என்று அழகாக எழுதி விதியில் சேர்த்துவிட்டார். மாணவர்களுக்கு நான் ‘சண்டை போட்டவங்க’ என்று என் மொழியிலேயே சொல்லிக்கொடுத்தேன்.

அந்த வாரத்திலிருந்து சமையலோடு சண்டையையும் தயார் செய்துகொண்டு வந்தார்கள். அண்ணன், தங்கை, பேச்சுவார்த்தை நின்றுபோன மாமா என்று ஆளாளுக்கு ஒரு எதிரி. நேர்மை கிடைத்துவிட்டது என்று நான் குதூகலமாக இருந்தபோது, யாழினியின் தங்கை வந்து உட்கார்ந்தாள். பள்ளிக்கூடம் போகிற பெண். ஒரு கிண்ணம் சூப்பைச் சொட்டு விடாமல் குடித்துவிட்டு, நன்றாக இல்லை என்றாள். “பின்ன ஏன்மா பூராத்தையும் குடிச்ச?” என்று கேட்டேன். அவள் கொஞ்சமும் அசரவில்லை: “சூப் நல்லாத்தான் இருக்கு செஃப். ஆனா அக்கா என் சார்ஜர திருப்பிக் குடுக்குற வரைக்கும் நல்லா இல்லன்னுதான் சொல்லுவேன்.”

போர்ட் மூடவில்லை

தினேஷ் இரண்டு வகுப்புக்கு வரவில்லை. தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. போன் போட்டேன், அவன் அப்பா எடுத்தார். சேகர் அண்ணன், துறைமுகத்தில் கன்டெய்னர் லோரி ஓட்டுபவர். அவருடைய மனைவி, தன் தங்கச்சியின் பிரசவத்துக்காக ஈப்போ போன இடத்தில் பயணத் தடையால் மாட்டிக்கொண்டிருந்தார். வீட்டில் அப்பாவும் மகனும் மட்டும். இரண்டு பேருக்கும் பேச்சு கிடையாது. மகன் லோரி லைசன்ஸ் எடுக்க வேண்டும் என்பது அப்பாவின் கட்சி. மகன் மறுத்துவிட்டதால், அவன் சமைத்ததை வீட்டில் தொடமாட்டேன் என்று தினமும் வெளியில் தப்பாவ், அதாவது பொட்டலச் சாப்பாடு, வாங்கிக்கொண்டு வந்து சாப்பிடுகிறார். ஒரே வீட்டில் ஒருத்தன் சமைக்கிறான், ஒருத்தர் பொட்டலம் பிரிக்கிறார். அந்த மனக்கசப்பில்தான் பையன் வகுப்புப் பக்கம் வரவில்லை.

நான் அவரைக் கொஞ்சம் கண்டிக்கலாம் என்றுதான் நினைத்தேன். “படிக்கிற பையன் அண்ணே, இது ஒண்ணு பாஸ் பண்ணிட்டான்னா டிப்ளோமா கையில. இப்ப போய் மனச ஒடைக்காதீங்க” என்றேன். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும், கத்துகிறவர்களைச் சமாளிக்க எனக்குத் தெரியும். அவர் குரலில் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம் இருந்தது. நான் வேலை பார்த்த ஹோட்டலிலேயே அந்த மாதம் ஆட்களை வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள், என் பழைய நண்பர்கள் சிலர் கோழி பொரித்து ரோட்டோரம் விற்றுக்கொண்டிருந்தார்கள். அது எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அவர் கேட்டார்: “ஊர்ல இருக்குற ஹோட்டல் பூரா மூடிக் கெடக்கு. போர்ட் ஒரு நாள் மூடுச்சா டீச்சர், நீங்களே சொல்லுங்க?”

பண்டமாரான் தட்டு

தேர்வு நாளன்று தினேஷ் கைப்பேசியை அரிசி டின்னில் சாய்த்து வைத்திருந்தான். மேசை முழுக்கத் தெரிந்தது. கோழி, காளான் சாஸ், மசித்த உருளைக்கிழங்கு. அடுப்பைப் பற்றவைக்கும் முன் எல்லாவற்றையும் அளந்து சின்னச் சின்னக் கிண்ணங்களில் எடுத்து வைக்க வேண்டும் என்பது நான் சொல்லிக்கொடுத்த பழக்கம். அப்படியே வைத்திருந்தான். சிவப்புக் கிண்ணத்தில் உப்பு. டாக்டர் கிருபாவதி இரண்டாம் தேர்வாளர், கேமராவை அணைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். தேர்வு நேரத்தில் நான் வாய் திறக்கக்கூடாது. வெளியே தள்ளப்படுவதும் தப்பிப்பதும் இந்த ஒரு தட்டில் இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அடுப்பு பற்றியது, நீலமாகத் தீ தெரிந்தது. நான் உள்ளுக்குள் கும்பிட்டேன்.

ருசி பார்க்க அந்த வீட்டில் இருந்தது ஒரே ஓர் ஆள். சண்டை விதிக்கு அவரைவிடப் பொருத்தமானவர் கிள்ளான் பள்ளத்தாக்கிலேயே கிடையாது. சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே சேகர் அண்ணன் வந்துவிட்டார். “வெளிய லோரி நிக்குது, போர்ட்டுக்குத் திரும்பணும். ஆனத வை” என்றார். பையன் பதறிவிட்டான். அவசர அவசரமாகத் தட்டில் வைத்து அப்பா முன்னால் தள்ளினான். அப்போதுதான் நான் பார்த்தேன். மேசை மூலையில் சிவப்புக் கிண்ணம் நிரம்பியபடி அப்படியே இருந்தது.

அண்ணன் முகக்கவரியைக் கழற்றிவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தார். பல வாரத்துக்குப் பிறகு மகன் கையால் சாப்பிடுகிறார். கோழி வெந்திருக்கிறதா என்று கேட்டேன். வெந்திருக்கிறது என்றார். சாஸ் எப்படி என்றேன். நல்லா இருக்கு என்றார். “உப்பு?” என்று கேட்டபோது மட்டும் கரண்டி ஒரு நொடி நின்றது. “சரியா இருக்கு டீச்சர்.” சொல்லிவிட்டு வேகமாகச் சாப்பிட்டார். உப்பில்லாத உருளைக்கிழங்கு ஒரு வாய்க்கு மேல் இறங்காது, அது எனக்குத் தெரியும். இவர் நான்காவது வாய் போட்டுக்கொண்டிருந்தார். “அண்ணே, பையன் மேல கோபம் இருந்தா கோபமாவே சொல்லுங்க, உண்மையா சொன்னா போதும்” என்றேன். தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், “கோபம் இருக்கு. உப்பும் இருக்கு” என்றார். விதிப்படி ருசி பார்த்தவர் வாக்குதான் மதிப்பெண். அதை அப்படியே எழுதிவிட்டால் பையன் தேறிவிடுவான். எழுதக் கை வரவில்லை, எழுதாமல் இருக்கவும் மனசு வரவில்லை.

அந்த நேரத்தில்தான் தினேஷ் மேசையைத் துடைக்கக் குனிந்து கிண்ணத்தைப் பார்த்தான். அவன் முகத்தில் இரத்தம் வற்றியது திரையிலேயே தெரிந்தது. “செஃப்… நான் உப்பே போடல” என்றான். “சும்மா இருடா, நான்தான் சாப்பிடுறேன்ல” என்று அப்பா அதட்டினார். அதற்குள் டாக்டர் கிருபாவதியின் கேமரா திறந்தது. பின்னால் இஸ்திரி போடாத துணி மலையாகக் குவிந்திருந்தது. “செஃப், கரண்டியைத் தூக்கிட்டீங்களா?” என்றார். கரண்டி என் மேசைமேல் கிடந்தது. கடிகாரத்தைப் பார்த்தேன். “இன்னும் இல்ல டாக்டர்.” “அப்ப நேரம் இருக்கு. தட்டு இன்னும் அவனோடதுதான்.” நான் அவரோடு போட்ட அத்தனை சண்டையையும் அந்த ஒரு வாக்கியத்துக்காக மன்னித்துவிட்டேன்.

இருந்தும் பையன் அசையவில்லை. உப்புக் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டு மரமாக நின்றான். என் கை தன்னால் திரையை நோக்கிப் போனது, கண்ணாடியில் இடித்துக்கொண்டு நின்றது. அப்போது சேகர் அண்ணன் எழுந்தார். மகன் முதுகில் பளாரென்று ஒரு தட்டு தட்டினார். “போடா, போய் போடு.” அவ்வளவுதான். தினேஷுக்கு உயிர் வந்தது. சாஸை மறுபடி அடுப்பில் ஏற்றினான், உப்பு போட்டான், விரல் நுனியில் தொட்டு ருசி பார்த்தான். கிழங்கைச் சூடு பண்ணி உப்பு சேர்த்து மசித்தான். கோழிக்குள் உப்பு இறங்க நேரமில்லை, மேலே தூவத்தான் முடிந்தது. அதற்குப் போன மதிப்பெண் போனதுதான். மீதியைப் புதுத் தட்டில் வைத்துவிட்டுக் கையை விலக்கிக்கொண்டான். நான் கரண்டியைத் தலைக்கு மேல் தூக்கினேன்.

அண்ணன் மறுபடி உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட்டார். இன்னொரு வாய். பிறகு கேமராவை நேராகப் பார்த்து, “முன்ன சொன்னது பொய் டீச்சர். அதுல உப்பே இல்ல. இதுல சரியா இருக்கு” என்றார். நானும் டாக்டர் கிருபாவதியும் தனித்தனியாக மதிப்பெண் போட்டு ஒப்பிட்டுப் பார்த்தோம். விளிம்பில்தான், ஆனால் நேர்மையாகத் தேறிவிட்டான். டாக்டர் தலையசைத்ததும் அங்கேயே சொல்லிவிட்டேன். பையன் அடுப்புப் பக்கம் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டான். வெங்காயம் எப்போதோ நறுக்கி முடித்தாயிற்று. அப்பா தட்டை வழித்துச் சாப்பிட்டு முடித்து முகக்கவரியை மாட்டிக்கொண்டிருந்தார். “இப்ப என்ன சொல்றீங்க அண்ணே?” என்று கேட்டேன். லோரிச் சாவியை எடுத்துக்கொண்டே சொன்னார்: “லைசன்ஸ் எடுக்கச் சொல்லிக்கிட்டேதான் இருப்பேன் டீச்சர், அதுல மாத்தமில்ல. ஆனா நாளையிலருந்து தப்பாவ் வாங்க மாட்டேன்.”

இப்போது பயிற்சிச் சமையலறை திறந்துவிட்டது, மணி பழைய இடத்தில் தொங்குகிறது, என் நாக்கும் என்னிடமே திரும்பி வந்துவிட்டது. உப்பில்லாத தட்டை உப்பிருக்கிறது என்று சொல்லிக்கொண்டே காலி செய்கிற தேர்வாளரைத்தான் எங்கள் பல்கலைக்கழகம் இன்னும் நியமிக்கவில்லை.